காளியப்பன் எழுதியதை அழித்தவள்

நிர்மலாதேவியின் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இனிமையான குரல் என்று நினைத்துவிட வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் மோட்டார் கடைக்குள் உட்கார்ந்து அவள் போனில் பேசினால், எதிரே பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கெல்லாம் எந்த ஊரில் யாருடைய போர்வெல் வற்றிப்போனது என்பது தெரிந்துவிடும். கதை பாதியில் இருக்கிறதே என்று பேருந்தை விட்டவர்களும் உண்டு என்பேன். அவள் கையில் கிடைத்ததை எடுத்து என்மேல் எறிவாள்.

நான் கோவிந்தன். அதே கடையில் சாமான் கவுண்டர் என்னுடையது. பேரிங், புஷ், கப்பாசிட்டர், கேபிள் எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வேலை. அவள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று இத்தனை வருடம் தள்ளியிருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு விஷயம்.

கடை பெரியண்ணனுடையது. ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்குவது, பழுதானால் தூக்குவது, சரிசெய்து மறுபடி இறக்குவது என்பதுதான் தொழில். இங்கே ஒரு ஆபீஸ், காரிமங்கலத்தில் ஒரு ஆபீஸ். கிரேன் வண்டிகளோடு பிட்டர்கள் காலையில் கிளம்பினால் சித்தேரி அடிவாரம் வரைக்கும் போய் வருவார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருடா வருடம் அது கீழே போகிறது, வருடா வருடம் நாங்கள் பைப் சேர்க்கிறோம்.

நிர்மலா தீர்த்தமலைப் பக்கத்துக்காரி. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் முருகன் மரவள்ளி போடுகிறான். மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். ஒரே பெண் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு ஓடுவது நிர்மலா உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான்.

அந்த நாற்காலியின் வேலை போன் எடுப்பது. விவசாயிகள் கூப்பிடுவார்கள், அது பாதிதான். மீதிப் பாதி எங்கள் பிட்டர்களே கூப்பிடுவது. தோட்டத்தில் கிரேன் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே அவர்கள் கத்துவார்கள், இவளும் கத்துவாள்.

"அக்கா, எத்தன அடியில மோட்டார் இருக்குது?"

"எழுநூத்தம்பது அடியில. கேபிள் போன தடவ ஜாயிண்ட் போட்டது, பாத்து தூக்கு. கேக்குதா? ஜாயிண்ட்டு, ஜாயிண்ட்டு!"

எந்தப் போரில் என்ன மோட்டார், யார் எப்போது இறக்கியது, எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எந்த வீட்டம்மா பிட்டர்களுக்குச் சோறு போடாமல் அனுப்ப மாட்டார் என்பதெல்லாம் அவள் தலையில் இருந்தது. காகிதத்திலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் யாரும் காகிதத்தைப் பார்த்ததில்லை. அவளைக் கேட்டால் போதுமே.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. அவள் பிட்டர்களிடம் சொன்னதில் பாதி, அடுத்தவன் செய்த தப்பைப் பற்றியது. அதை அவள் சொல்கிற விதம் தனி. "அது சென்றாயன் போட்ட ஸ்டார்ட்டர். வயரை ஒருதரம் நீயே பாத்துக்கோ" என்பாள். சென்றாயன் தப்பாகப் போட்டான் என்று சொல்லவில்லை. கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும். சென்றாயன் காதுக்குப் போனாலும் சண்டைக்கு வர வழியில்லை. வாயால் சொல்வதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது. சொன்னதும் காற்றோடு போய்விடும், யார் மானமும் போகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியண்ணனின் அக்கா மகன் பிரபாகர் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். வந்த கையோடு எல்லாருடைய போனிலும் ஒன்றை ஏற்றினான். விக்கி என்றான். ஒவ்வொரு போருக்கும் ஒரு பக்கம் இருக்கும். வேலைக்குப் போகிறவர் அங்கே செய்ததை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கலாம், சேர்க்கலாம். யார் எப்போது மாற்றினார்கள் என்பது கீழே பெயரோடு தெரியும். இனிமேல் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்றான். நல்ல பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்கார வைத்து, பிரியாணி வாங்கிப் போட்டு, பெரிய திரையில் காட்டிப் பாடம் நடத்தினான். பிரியாணி நன்றாக இருந்தது.

எங்கள் ஆட்கள் அதற்குப் பக்கம் என்று பெயர் வைத்தார்கள். வைத்ததோடு சரி. பெரியண்ணன் உத்தரவு போட்டார், எழுதினார்கள்: "வேலை முடிந்தது. நன்றி." எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வேலை முடிந்தது, நன்றி. அதிகமாக எழுதுகிறவருக்குத் தீபாவளிக்கு மிக்சி என்று பிரபாகர் அறிவித்தான். முருகேஷ் என்கிற பிட்டர் ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கில் நன்றி எழுதி மிக்சியை வாங்கிக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டிக்குச் சந்தோஷம்.

உருப்படியாக எழுதியவர் ஒருவர்தான், காளியப்பன். பிட்டர்களில் மூத்தவர். ஐம்பதைத் தொடுகிற வயது, வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படாமல் வேலை செய்கிற ஆள். அவர் இறக்கிய போர்களுக்கெல்லாம் அழகாகப் பக்கம் எழுதினார். அடி, மோட்டார், பைப், கேபிள் எல்லாம் இருக்கும். ஆனால் நாள் போகப் போகப் போர் மாறும். தண்ணீர் கீழே போயிருக்கும், மோட்டாரை மாற்றியிருப்பார்கள். பக்கத்தில் மட்டும் காளியப்பன் எழுதியது அப்படியே நிற்கும். மாற்றிவிட்டு வந்தவன் திருத்த மாட்டான். அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு வரி சேர்ப்பான், அல்லது அதுவும் செய்ய மாட்டான். ஏன்டா என்று பிரபாகர் முருகேஷைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அண்ணன் போட்டதுங்க. அத போயி நான் எப்படி அழிக்கிறது?"

"அழிக்கத்தான்டா அது இருக்கு."

"நீங்க அழிங்க. அவருகிட்ட நான் நாளைக்கு வேலை செய்யணும்."

பிரபாகருக்கு இது விளங்கவே இல்லை. அவன் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பது சாதாரணமாம். இங்கே ஒருவர் பெயர் போட்டு எழுதியதை இளையவன் அழித்தால், அவர் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியை இழுத்த மாதிரி. அதுவும் காளியப்பன் முன்கோபக்காரர். ஆக, பக்கம் ஒன்று சொல்லும், உண்மை இன்னொன்றாக இருக்கும், உண்மை வேண்டியவன் நிர்மலாவுக்குப் போன் போடுவான். அவள் கத்துவாள்.

அப்படிக் கத்திக் கத்தித்தான் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்றாள். பிறகு வெயில் என்றாள். சுக்கு, மிளகு, தேன் எல்லாம் முடிந்து கடைசியில் சேலத்துக்குப் போனாள். குரல் நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். அதன் பிறகு அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. நான் சொல்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுவென்றுகூடக் கூடாது, பேசினால் இருக்கிற குரலும் போனாலும் போகலாம் என்றார்.

அவள் கடைக்கு வந்து பெரியண்ணன் முன்னால் நின்றாள். டாக்டர் சொன்னதை முருகன் சொன்னான். பெரியண்ணன் கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

"பேச முடியாதவங்கள போன்ல உக்கார வச்சி நான் என்னா பண்ணட்டும் முருகா?"

"வேற வேல எதாவது குடுங்க. ஒடம்பு சரியாயிட்டா பழையபடி..."

"சரியாவட்டும். அதுவரைக்கும் எப்படியோ ஓட்டட்டும். விவசாயி போன் வந்தா கோவிந்தன் எடுக்கட்டும். ஓடலன்னா போனை காரிமங்கலத்துக்கு மாத்திடறேன். அங்க ஆளு இருக்குது."

காரிமங்கலத்துக்கு மாற்றினால் இங்கே நாற்காலி இல்லை. மூவருக்கும் அது புரிந்தது. நான் நிர்மலாவைப் பார்க்காமல் பேரிங் டப்பாக்களைத் துடைத்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது. கூடவே இனி விவசாயிகளோடு நான் பேச வேண்டுமே என்ற எரிச்சலும் இருந்தது.

அடுத்த நாளே அவள் ஆரம்பித்துவிட்டாள். பிட்டர் ஒருவன் வண்டி எடுக்கும்போதே அவன் போகப்போகும் போரின் பக்கத்தைத் திறப்பாள். போனில் என்ன கத்துவாளோ அதையெல்லாம் தட்டச்சு செய்வாள். பேச்சில் சொல்வது போலவே எழுதினாள்: "நாய் இருக்கு, குச்சியோட போ." "ஸ்டார்ட்டர் வயரை ஒருதரம் நீயே பாத்துக்கோ." படிக்கும்போது அவள் குரல் கேட்கிறது என்றான் சென்றாயன். ஆனால் அவளும் காளியப்பன் எழுதியதைத் தொடவில்லை. எல்லாரையும்போல அடியில் போய்ச் சேர்த்தாள்.

பிட்டர்கள் படிக்கத் தொடங்கியது விருப்பப்பட்டு அல்ல. போன் போட்டால் நான் எடுப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அதோடு நான் வள்ளென்று விழுவேன். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதற்குப் பக்கத்தைப் படிப்பது மேல் என்று ஆயிற்று. அந்த மாற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று பிரபாகரிடம் சொன்னேன். அவன் எனக்கு மிக்சி தரவில்லை.

ஆனாலும் நிர்மலா நிம்மதியாக இல்லை. வீட்டில் பேச்சுக்குப் பதில் தட்டச்சு உதவாது. சாயங்காலம் மகள் சேலத்திலிருந்து கூப்பிடுவாள். மகள் பேசுவாள், இவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள் என்று முருகன் சொன்னான். போனை வைத்ததும் அழுவாளாம். வீடே ஊமையாகிவிட்டது அண்ணா என்றான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

செல்லம்மாள் தோட்டத்து விவகாரம் அந்த நாட்களில் வந்ததுதான்.

செல்லம்மாள் தோட்டம் சித்தேரி அடிவாரத்தில் இருக்கிறது. மஞ்சள் பயிர். முந்திய வருடம் அந்தப் போரில் மோட்டார் இறக்கும்போது பைப் ஜாயிண்ட் விட்டு, மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. நடுவில் சிக்கிக்கொண்டது, எடுக்க முடியவில்லை. அதற்கு மேலே வேறொரு மோட்டாரைத் தொங்கவிட்டு வேலையை முடித்தார்கள். இறக்கியவர் காளியப்பன். என் கையில் இருந்து ஒரு பைப்பும் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் அவர். விழுந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதை யாரும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவர் எழுதிய பக்கத்தில் முதல் வரி இப்படி இருந்தது: "போர் ஆயிரம் அடி. மோட்டார் அறுநூறு அடியில். வேறு ஒன்றும் இல்லை." அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமலாவது இருந்திருக்கலாம்.

இந்த வருடம் செல்லம்மாள் ஓசூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். தோட்டம் குத்தகைக்குப் போயிற்று. குத்தகைக்காரர் புதுசு, உள்ளே மோட்டார் கிடக்கும் கதை அவருக்குத் தெரியாது. தண்ணீர் வரவில்லை, மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டும் என்று கூப்பிட்டார். போனை எடுத்தது நான். பெயரை மட்டும் எழுதி முருகேஷை அனுப்பினேன். என்னைப்போலவே முருகேஷுக்கும் அந்தக் கதை தெரியும், ஆனால் அது இந்தத் தோட்டம் என்பது தெரியாது. அவன் அறிந்ததெல்லாம் சித்தேரிப் பக்கம் எங்கேயோ காளியப்பண்ணன் ஒன்றை விட்டுவிட்டார் என்பதுதான். நிர்மலா அன்றைக்கு மதியம்தான் வந்தாள், காலையில் டாக்டரிடம் போயிருந்தாள்.

நான் டீக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் கடைப் போன் அடித்திருக்கிறது. யாரும் இல்லாததால் அவள் எடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது ரிசீவர் அவள் காதில் இருந்தது, வாய் திறந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. நான் கிட்டே போனதும் முருகேஷின் சத்தம் எனக்கே கேட்டது, பின்னால் கிரேன் உறுமல்.

"அக்காவா? கோவிந்தண்ணனா? யாருன்னு சொல்லுங்க. செல்லம்மா தோட்டத்துல இருக்கறேன். தொள்ளாயிரத்துக்கு எறக்கச் சொல்றாரு. பக்கத்துல ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்குது. எறக்கிடட்டுமா?"

அவள் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. விழுந்து கிடக்கும் மோட்டார்மேல் இன்னொன்றை இறக்கினால் இரண்டும் மாட்டிக்கொள்ளும், போரே போய்விடும். மஞ்சள் காயும். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்திருந்தால் நான் ரிசீவரை வாங்கிப் பேசியிருப்பேன். எனக்குப் புரியவில்லை. பே என்று நின்றேன்.

அவள் பேனாவை எடுத்து ரிசீவரில் தட்டினாள். ஓங்கித் தட்டினாள்.

"நிர்மலாக்காவா? இருக்கச் சொல்றீங்களா?"

மறுபடி தட்டினாள்.

"சரிக்கா. பக்கத்த பாக்கட்டுமா? தொறந்துதான் வச்சிருக்கேன்."

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அடியில் சேர்க்க ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு நிறுத்தினாள். முருகேஷின் போன் சின்னது, அதில் மேல் வரிதான் தெரியும், கீழே தள்ளிப் பார்ப்பானா என்பது அவன் புத்தியைப் பொறுத்தது. அவள் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போனாள். காளியப்பன் எழுதிய முதல் வரி முழுவதையும் அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்: "இறக்காதே. எண்ணூறு அடியில் பழைய மோட்டார் கிடக்குது. காளியப்பண்ணன் இறக்கும்போது விழுந்தது."

ரிசீவரில் கிரேன் சத்தம் நின்றது.

"இந்தப் போரா அது?" என்றான் முருகேஷ். "நல்ல வேளைக்கா." அவன் அதற்குமேல் ஏதோ கேட்டான். நான் ரிசீவரை வாங்கி, நிர்மலா எழுதிக் காட்டியபடி எழுநூறு அடியைத் தாண்டி இறக்காமல் குத்தகைக்காரரிடம் விவரத்தைச் சொல்லச் சொன்னேன். நிர்மலா நாற்காலியில் சாய்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை, பேசவே இல்லை என்று கையை ஆட்டி ஆட்டி என்னிடம் காட்டினாள்.

சாயங்காலம் காளியப்பன் வந்தார். வண்டியை நிறுத்திய விதத்திலேயே தெரிந்தது. யாரோ பக்கத்தைக் காட்டியிருக்கிறார்கள். கீழே பெயர் வேறு இருக்கிறதே, நிர்மலாதேவி மாற்றினார் என்று.

"யாரைக் கேட்டு அழிச்ச?" என்றார். "என் பேரு போட்டு எழுதி வச்சிருக்கறேன். ஊரே பாக்கற எடத்துல, காளியப்பன் விட்டான்னு எழுதற. ஏம்மா, இத்தன வருசம் பழகினதுக்கு எனக்கு நீ செய்யற மரியாதையா இது?"

அவள் எழுந்து நின்றாள். அவ்வளவுதான்.

"முருகேசுகிட்ட தனியா சொல்லியிருக்கலாம். போன்ல ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சி போச்சி. எப்பவும் அப்படித்தான சொல்லுவ? வாயத் தொறந்து சொல்லியிருக்க வேண்டியதுதான?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. காளியப்பன் திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தார் போலிருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால்தானே அடுத்ததை எடுக்க முடியும். அவர் என்னைப் பார்த்தார். நான் கேபிள் சுருளைப் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லு என்றார்.

டீ குடித்துக்கொண்டே அந்தப் பக்கத்தைத் தன் போனில் மறுபடி படித்தார். முகம் கோணிக்கொண்டே போனது.

"எண்ணூறுன்னு எவன் சொன்னான்? எழுநூத்தி எம்பது. அதுவும் கயிறு மேல சுத்திக் கெடக்குது, அதைப் போடலியே. எழுநூறுக்குக் கீழ போனாவே கயித்துல மாட்டும். எழுதறதுன்னா ஒழுங்கா எழுதணும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே எழுத ஆரம்பித்தார். நிர்மலா எழுதியதைத் திருத்தினார். எத்தனை அடி, எந்த ஜாயிண்ட் விட்டது, கிடப்பது எத்தனை எச்.பி., கயிறு எந்த நீளத்துக்கு மேலே நிற்கிறது என்று அடுக்கினார். தன் பெயரை மட்டும் எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. விழுந்துவிட்டது என்கிற வெட்கத்தைவிட, தப்பான அடியோடு ஒரு வரி நிற்பது அந்த மனிதருக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். எதனால் என்று பிரபாகர் ஒவ்வொருவராகக் கேட்டான். நிறுவன முன்னேற்றம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாம் எழுதாவிட்டால் நிர்மலாக்கா எழுதிவிடும், அதற்கு நாமே கொஞ்சம் மானமாக எழுதிக்கொள்ளலாம் என்றான் சென்றாயன். தெரியாததைக் காளியப்பண்ணனிடம் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார், பக்கம் அப்படிக் கேட்காது என்றான் முருகேஷ். என் வேலை விவரம் பக்கத்தில் இருந்ததால் மச்சான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஒரு போன்கூட வரவில்லை, அன்றிலிருந்து எழுதுகிறேன் என்றான் இன்னொருவன். காளியப்பன் மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே தினமும் எல்லாப் பக்கங்களையும் படித்தார். கண்டுபிடித்தால் திருத்த மாட்டார், அவருக்கும் அடுத்தவன் பெயரில் கைவைக்கக் கூச்சம். நிர்மலாவிடம் வந்து காட்டுவார். அவள் அழிப்பாள். முருகேஷ் தயங்கித் தயங்கி வந்து காளியப்பன் எழுதியதைக் காட்டுவான். அதையும் அழிப்பாள். யார் வந்து கோபித்தாலும் நின்று கேட்டுக்கொள்வாள். வாயில்லாதவளோடு யார் எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்பது.

டாக்டர் கடைசியில் பேசலாம் என்றார். கொஞ்சமாக, மெதுவாக, போன் வேண்டாம், கத்தவே கூடாது. அவள் முதல் வார்த்தைகளை வீட்டில் பேசினாள், ஊருக்கு வந்திருந்த மகளோடு. கடையில் பேசவில்லை. குரல் எப்படி வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் பெரியண்ணன் காரிமங்கலத்திலிருந்து வந்து என் கவுண்டருக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போன் அபூர்வமாகத்தான் அடித்தது. பிட்டர்கள் கூப்பிடுவதே நின்றுபோயிருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது.

"பரவால்லியே. போனே வர்றதில்ல. எல்லாம் பக்கத்துலயே இருக்குது," என்றார். "நாலு விவசாயி கூப்படறான், அதை காரிமங்கலத்துல எடுத்துக்கலாம். அப்புறம் இங்க தனியா ஒரு ஆளு எதுக்குங்கறேன். ஏம்மா, நீயும் ஒடம்பு முடியாதவ. வூட்டுல இருந்து உடம்பப் பாரு."

குரல் போய்விடக் கூடாதென்று நிர்மலா ஊமையாக உட்கார்ந்து, தலையில் இருந்ததையெல்லாம் எழுதித் தீர்த்தாள். எழுதித் தீர்த்ததனாலேயே அவள் வேண்டாதவளாகிவிட்டாள். இது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் சொன்னேன். "இது ஞாயமில்லீங்க" என்றேன். பெரியண்ணன் கணக்கில் அநியாயத்துக்குக் கட்டம் இல்லை. உனக்கென்ன போச்சு என்பதுபோல் பார்த்தார்.

கேபிள் வாங்க வந்து நின்றிருந்த காளியப்பன்தான் பேசினார்.

"ஏங்க, நான் தப்பா எழுதினா யாருங்க அழிப்பாங்க?"

"யாரு வேணும்னாலும் அழிக்கலாம்னுதான பிரபாகர் சொல்றான்."

"அவன் சொல்லுவான். முருகேசு அழிச்சா நான் விடுவனா? நான் அழிச்சா சென்றாயன் ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான். ஒருத்தனும் அழிக்க மாட்டானுங்க. பக்கம் பூரா பொய்யா நிக்கும். அப்புறம் எவனாவது அதை நம்பி எறக்குவான்."

"அந்தம்மா அழிச்சா மட்டும்?"

"அழிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டம். என்னோடதையே அழிச்சிது."

"ஏன்யா, அதுக்கு மட்டும் என்ன?"

காளியப்பன் யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை அவரே கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

"நாம எவ்வளவு கத்தினாலும் அது திருப்பிக் கத்தாதுங்க" என்றார்.

"இனிமே கத்துவேன்" என்றாள் நிர்மலாதேவி.

எல்லாரும் சிரித்துவிட்டோம். பெரியண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அந்தக் குரல் எங்களுக்கு எட்டியது. பாதி காற்று, பாதி கரகரப்பு. பேருந்துக்கு நிற்கிறவர்கள் வரை போன குரல், கடைக்குள்ளேயே குனிந்து கேட்க வேண்டியதாக இருந்தது. அவள் எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தலையைக் குனியவில்லை.

"இந்த வேல எனக்கு வேணுங்க" என்றாள் பெரியண்ணனைப் பார்த்து. இன்னும் ஏதோ சொல்ல வந்து, குரல் உடைந்து நின்றது.

பெரியண்ணன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வாசல் வரை போய் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"சரி, இரும்மா. நீ கத்த வேணாம். அழி, போதும்."